முப்பத்தொன்றாம் எண் உடையின் கறை குறித்து

என் முழுப் பெயர், தந்தை பெயர், வீட்டு முகவரி மூன்றையும் முதல் தாளில் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் உள்ள சலவை நிலையத்தில் இருபத்தாறு வருடங்களாக வேலை செய்கிறேன். என் வேலை துவைப்பதோ தேய்ப்பதோ அல்ல, கறை பார்ப்பது. அங்கே முதலாளி முதல் மூட்டை இறக்குபவர் வரை எல்லோரும் என்னைக் 'கறைக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் மனைவியும் வேலைக்குப் போகும் ஒரு மகனும் இருக்கிறார்கள். என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை, பேருந்தில் பயணச்சீட்டு எடுக்காமல்கூட நான் போனதில்லை. இன்று செவ்வாய்க்கிழமை, எனக்கு வார விடுமுறை. பகல் பதினொன்றரை மணிக்கு யாரும் அழைக்காமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். நகரக் கலைக்கூடத்தின் மூன்றாவது அறையில் இருக்கும் முப்பத்தொன்றாம் எண் உடையைத் தொட்டது நான்தான், அந்த அறையில் காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மா தொடவில்லை, ஆகவே அவரை வேலையிலிருந்து நிறுத்தியது தவறு என்று சொல்லவே வந்தேன்.

அதிகாரி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, ஐம்பத்து நான்கு வயது ஆண்பிள்ளை பெண்கள் உடைக் கண்காட்சிக்கு, அதுவும் தனியாக, அதுவும் வாராவாரம் எதற்குப் போனார் என்பதை முதலில் சொல்லும்படி கேட்டார். கேட்கும்போது அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சலவைக்கு வரும் ஒவ்வொரு துணியையும் வெள்ளை மேசையில் விரித்து, விளக்கைத் தாழ இறக்கி, எங்கெங்கே கறை இருக்கிறது, அது என்ன, எவ்வளவு பழையது என்று பார்த்து, துணியை வாங்கும்போது எழுதும் சேர்க்கைச் சீட்டில் அச்சிட்டிருக்கும் சட்டைப் படத்தின் மேல் பென்சிலால் அந்தக் கறையை அளவோடு வரைந்து வைப்பேன். அப்படி வரையாவிட்டால் வாடிக்கையாளர் திரும்பி வந்து, இது நீங்கள் உண்டாக்கிய கறை என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு கோட்டின் உள்பையில் கண்காட்சி நுழைவுச்சீட்டு ஒன்று கிடைத்தது. பையில் கிடைப்பதை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுத்தபோது கோட்டுக்குச் சொந்தக்கார அம்மா, "எனக்கு நேரம் இல்ல, நாளையோட முடியுது, நீங்களே போய்ட்டு வாங்க" என்று என் கையிலேயே திணித்துவிட்டுப் போனார். வீணாக்குவானேன் என்று போனேன்.

அது தொப்பிக் கண்காட்சி. நூறு வருடத்துத் தொப்பிகளைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்திருந்தார்கள். எல்லோரும் மேல்பக்கத்தைப் பார்த்தார்கள், நான் குனிந்து உள்பட்டையைப் பார்த்தேன். ஒன்றில் வியர்வை முன்பக்கம் மட்டும் ஏறியிருந்தது, ஆகவே அதைப் போட்டிருந்தவர் தொப்பியை எப்போதும் நெற்றியில் இறக்கி வைத்துக்கொண்டு யார் கண்ணையும் பார்க்காத ஆள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்றில் வியர்வையே இல்லை. பளபளப்பு மட்டும் குறையாத அந்தத் தொப்பியை ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, போட்டுக்கொண்டு வெளியே போக வெட்கப்பட்டு, கண்ணாடிக்கு முன்னால் மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. சலவை நிலையத்தில் கறையைப் பார்த்த உடனே அதை அழிக்க வேண்டும். அங்கே அழிக்க வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கலாம். இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை செய்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அதிகாரிக்கு என்னால் சரியாகச் சொல்ல வரவில்லை.

அதன் பிறகு விடுமுறை நாட்களில் எங்கே என்ன கண்காட்சி நடந்தாலும் போனேன். காலணிகள், சீருடைகள், கையுறைகள், ஓவியங்கள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஓவியங்களில் யாருக்கும் அக்குள் வியர்ப்பதில்லை என்பதைக் கவனித்தேன். போர்க்களத்திலிருந்து அப்போதுதான் குதிரையில் வந்து இறங்கிய தளபதிக்கும் வியர்க்கவில்லை. புதிய கலை என்று ஒருமுறை தரையில் பழைய சட்டைகளை மலைபோலக் குவித்திருந்தார்கள், பக்கத்து அட்டையில் 'இழப்பு' என்று எழுதியிருந்தது. நான் அந்தக் குவியலைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்தேன். எனக்கு இழப்பு எதுவும் தெரியவில்லை. கைக்குழந்தைக்காரர் ஒருவர் தோளில் பால் வடிந்ததைக் கவனிக்காமல் அவசரமாக வேலைக்குப் போயிருக்கிறார் என்பது தெரிந்தது, இடது கைக்காரர் ஒருவர் எழுதியதையெல்லாம் மணிக்கட்டால் அழித்துக்கொண்டே எழுதியிருக்கிறார் என்பதும் தெரிந்தது.

தனியாகப் போனதற்குக் காரணம் கேட்டதால் சொல்கிறேன். முதல் வருடம் மனைவியை அழைத்துப் போனேன். மொத்தக் கண்காட்சியையும் பன்னிரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு, "எல்லாம் பாத்தாச்சுங்க, போலாமா?" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், நான் அவளுடன் நகைக்கடைக்குப் போனால் எனக்கும் பன்னிரண்டு நிமிடம்தான். அடுத்து என் மைத்துனரை அழைத்துப் போனேன். அவர் ஒவ்வொரு பொருளுக்கும் முதுகைக் காட்டி நின்று தன்னைப் படம் எடுத்துக்கொண்டு, கடைசியில் "மாமா, இதுல சாப்பிட ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். அதன் பிறகு தனியாகவே போனேன். நான் பெண்கள் உடைகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, முழங்கால் வைத்தியத்துக்குப் போகிறேன் என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். எதிர்வீட்டு அம்மா இப்போது மாதம் ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்தனுப்புகிறார். என் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை.

நான்கு வாரங்களுக்கு முன் கலைக்கூடத்தில் பாடகிகள், நடிகைகளின் மேடை உடைகள் கண்காட்சி தொடங்கியது, முதல் செவ்வாய்க்கிழமையே போனேன். மூன்றாவது அறையின் நடுவில், தாழ்வான பலகை மேடையில், தலையில்லாத பொம்மைக்கு முப்பத்தொன்றாம் எண் உடையைப் போட்டிருந்தார்கள். தரை வரை தொங்கும் வெள்ளைப் பட்டு, முழுக்கை. சுற்றிலும் நான்கு கம்பங்களை நிறுத்திக் கயிறு கட்டியிருந்தார்கள். இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய கறை. கண்காட்சி விளம்பரத்தில் இருந்ததும் அந்தக் கறைதான். பாடகி ஒருவர் நாற்பது வருடங்களுக்கு முன் மேடையில் கையைக் கிழித்துக்கொண்டும் பாட்டை நிறுத்தாமல் கடைசி வரை பாடினார், இது அன்று சிந்திய ரத்தம் என்று அட்டையில் எழுதியிருந்தது. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கம் சொல்லும் பெண் ஒருவர் கூட்டத்தை அழைத்து வந்து, கறையின் மேல் கைவிளக்கை அடித்து, குரலைத் தாழ்த்தி அந்தக் கதையைச் சொன்னார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் அரித்தது. ரத்தம் நடுவில் கறுத்து ஓரத்தில் மங்கும், இந்தக் கறையோ நடுவில் வெளுத்து ஓரத்தில் கறுத்திருந்தது. அது சர்க்கரை போட்ட பானம் காய்ந்த விதம். அன்று அந்த உடையின் முன் முக்கால் மணி நேரம் நின்றேன். அறையின் மூலையில் நாற்காலியில் காவலுக்கு இருந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதுவும் எனக்குப் பழக்கமானதுதான். கறையை என் பாக்கெட் நோட்டில் அளவோடு வரைந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். நான் பார்க்கும் கறைகளையெல்லாம் தேதி போட்டு அந்த நோட்டில் வரைந்து வைப்பது ஐந்து வருடப் பழக்கம்.

இரண்டாம் செவ்வாய்க்கிழமை போனபோது கறை ஒரு விரல் அகலத்துக்கு முழங்கைப் பக்கம் ஏறியிருந்தது. முதலில் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன், நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. பழைய வளையத்துக்கு வெளியே புதிதாக ஒரு வளையம் விழுந்திருந்தது. நாற்பது வருடம் சும்மா கிடந்த கறை ஒரே வாரத்தில் ஒரு விரல் நகர வேண்டுமென்றால் எங்கிருந்தோ அதற்குத் தண்ணீர் போக வேண்டும். அப்போது நாற்காலிக்கார அம்மா எழுந்து, ஒரு காலை லேசாக இழுத்தபடி என் பக்கம் வந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. போன வாரமும் இதையே பாத்துட்டு நின்னீங்க. அந்தப் பாடகி உங்களுக்கு வேண்டியவங்களா?" என்று கேட்டார்.

நான் கறையைப் பார்ப்பதாகச் சொன்னேன், எங்கே என்ன வேலை செய்கிறேன் என்பதையும் சொன்னேன். அது ரத்தம் இல்லை என்று நான் சொன்னதும் அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மெதுவா பேசுங்க சார். இந்தக் கதையை நான் ஒரு நாளைக்குப் பதினோரு தடவை கேக்குறேன். அது ரத்தம் இல்லைன்னா எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா" என்றார். அவர் முன்பு மருத்துவமனையில் தரை துடைத்தவர் என்றும், காலில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு நிற்க முடியாமல் இரண்டு வருடம் வீட்டில் இருந்தார் என்றும் சொன்னார். "இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டே பாக்குற வேலை எனக்குக் கிடைச்சது இது ஒண்ணுதான்" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதன் பிறகு இரண்டு பேருக்கும் அந்தக் கறை ஒரு பொதுச் சொத்து போல ஆகிவிட்டது. மூன்றாம் செவ்வாய்க்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் அவர், "இன்னும் ஏறியிருக்கா பாருங்க, எனக்கு ஏறின மாதிரிதான் தெரியுது" என்றார். ஏறியிருந்தது. காலையில் அறையைத் திறக்கும்போது நனைந்த துணியின் வாடை வருவதாகவும், மேலே குளிர்காற்று வரும் குழாயிலிருந்து சொட்டுகிறதோ என்று சந்தேகப்பட்டு நிர்வாகத்தின் குறைப்பதிவேட்டில் இரண்டு முறை எழுதியதாகவும் சொன்னார். முதல் முறை எழுதியதற்குக் கீழே நிர்வாகி 'கவனிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தாராம். இரண்டாம் முறை எழுதியதற்குக் கீழேயும் 'கவனிக்கப்பட்டது' என்றே இருந்ததாம். இப்படியே ஈரம் பட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் பட்டு இற்றுப்போய்க் கிழியும் என்று நான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "என் அறையில கிழிஞ்சா என்னைத்தானே கேப்பாங்க?" என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நான்காம் செவ்வாய்க்கிழமை, அதாவது போன வாரம், காலை பத்தே கால் மணிக்குப் போனேன். அறையில் வேறு பார்வையாளர் யாரும் இல்லை. அவர் எனக்காகவே காத்திருந்தது போல எழுந்து வந்து, துணியின் கைப்பகுதியில் ஏதோ பளபளக்கிறது, கயிற்றுக்கு வெளியே இருந்து பார்த்தால் ஈரமா வெளிச்சமா என்று தெரியவில்லை, ஈரம் என்று உறுதியாகத் தெரிந்தால் இன்றே நிர்வாகியைக் கையோடு கூட்டி வந்து காட்டிவிடலாம் என்றார். அதன் பிறகு அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கயிற்றின் கொக்கியைக் கழற்றினார். "தொடாம பாருங்க சார், சீக்கிரம் வந்துடுங்க" என்றார். நான் உள்ளே போனேன். கறையின் மேல் ஓரம் ஈரமாக இருந்தது. தலையை உயர்த்திப் பார்த்தபோது காற்றுக்குழாயின் விளிம்பில் ஒரு சொட்டு விழத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவரிடம் சொன்னேன். அவரும் அண்ணாந்து பார்த்து, "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்றார்.

அத்துடன் வெளியே வந்திருந்தால் நான் இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன். எங்கள் தொழிலில் ஒரு கறையைக் கண்டால் முதலில் நகத்தால் லேசாகச் சுரண்ட வேண்டும். வெள்ளையாகப் பொரிந்தால் அது சர்க்கரை. அடுத்து வெள்ளைத் துணியின் நுனியை நாக்கில் தொட்டு நனைத்துக் கறையின் மேல் ஒற்ற வேண்டும், நிறம் ஏறினால் அது கரையும் கறை. எச்சில் வைக்காதே என்று முதலாளி எத்தனையோ முறை திட்டியும் இருபத்தாறு வருடமாக என் கை அதைத்தான் செய்கிறது. ஒரு நாளைக்கு அறுபது எழுபது முறை செய்கிற வேலை. அன்றும் கை அதன் பாட்டுக்குப் போய்விட்டது. ஈரம் படாத கீழ் ஓரத்தில் நகத்தை வைத்தேன், வெள்ளையாகப் பொரிந்தது. கைக்குட்டையை நாக்கில் தொட்டு ஒற்றினேன், பழுப்பு ஏறியது. நாற்பது வருட ரத்தமாக இருந்தால் எச்சிலுக்கெல்லாம் அசைந்தே கொடுக்காது. அது சர்க்கரை தூக்கலாகப் போட்ட தேநீர். பாடகி பாடுவதற்கு முன்னாலோ பின்னாலோ தேநீர் குடித்திருக்கிறார், கை நடுங்கியிருக்கிறது. எனக்கு அந்த நிமிடம் தலைகால் புரியாத சந்தோஷம். அதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகுதான் துணியைப் பார்த்தேன். நான் ஒற்றிய இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறை போய் வெள்ளை தெரிந்தது. அதே நேரம் வராந்தாவில் விளக்கம் சொல்லும் பெண்ணின் குரலும் கூட்டத்தின் காலடிச் சத்தமும் கேட்டன. நான் வெளியே வந்தேன், அவர் கொக்கியை மாட்டினார். "என்ன சார், என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் கூட்டத்துக்குள் புகுந்து வெளியேறிவிட்டேன். பேருந்தில் ஏறிய பிறகும் கைக்குட்டை என் கையில்தான் இருந்தது. யார் கண்ணுக்கும் தெரியாது, நகம் அளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நகம் அளவுக் கறையைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அப்படியிருந்தும் சொல்லிக்கொண்டேன். அது கோழைத்தனம் என்று எனக்கு அப்போதே தெரியும்.

இன்று காலை கலைக்கூடத்துக்குப் போனேன். மூன்றாவது அறையின் வாசலில் திரை போட்டிருந்தார்கள். பக்கத்து ஓவிய அறையின் நாற்காலியில் இருந்த ஆளிடம் அந்த அம்மா எங்கே என்று கேட்டேன். "அவங்களை நிறுத்திட்டாங்க சார். ஈரத்துணியால துடைச்சு டிரஸ்ஸைக் கெடுத்துட்டாங்களாம். போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் கூட குடுத்திருக்காங்க" என்றார். தரை துடைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா என்று நிர்வாகி எல்லோர் முன்னாலும் கேட்டதாகவும் சொன்னார். அங்கிருந்து வேறு எங்கும் போகாமல் நேராக இங்கே வந்தேன்.

பழுப்பு ஏறிய கைக்குட்டையை அதிகாரியிடம் கொடுத்தேன், அவர் அதை உறையில் போட்டு ஒட்டினார். நோட்டையும் கொடுத்தேன். அதில் முதல் மூன்று செவ்வாய்க்கிழமைகளிலும் நான் வரைந்த கறையின் படம் தேதியோடு இருக்கிறது. யாரும் தொடுவதற்கு முன்பே கறை வளர்ந்தது, அது தண்ணீரால் வளர்ந்தது, வளையங்கள் தண்ணீருடையவை, நகம் அளவு வெள்ளை மட்டும் என்னுடையது என்று விளக்கினேன். வழக்கு முடியும் வரை நோட்டு திரும்பக் கிடைக்காது என்று அதிகாரி சொன்னார். அதில் ஐந்து வருடம் இருக்கிறது. சரி என்றேன். அதிகாரி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார், முதலில் இருந்த சிரிப்பு அப்போது அவரிடம் இல்லை. தன் சட்டைப் பைக்குக் கீழே இருந்த புள்ளியைக் காட்டி, "இது என்ன, மைதானே?" என்று கேட்டார். மை இல்லை, மிதிவண்டிச் சங்கிலி எண்ணெய், வண்டியிலிருந்து யாரையோ தூக்கி இறக்கும்போது அவர் காலிலிருந்து பட்டது, அந்த ஆள் உங்கள் இடுப்பு உயரம்தான் இருப்பார் என்றேன். அவர் அந்தப் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "என் பொண்ணு. சைக்கிள் பழகறா" என்றார்.

அதன் பிறகு அதிகாரி, அந்த அம்மா நான்கு நாட்களுக்கு முன் கொடுத்த வாக்குமூலத்திலிருந்து எனக்குத் தேவையான பகுதியை வாசித்துக் காட்டினார். பார்வையாளர் ஒருவர் தொட்டுவிட்டார், தான் தொடவில்லை, அவர் யார், எந்த ஊர், என்ன வேலை என்பது எதுவும் தனக்குத் தெரியாது என்று அவர் சொல்லியிருந்தார். நான் எந்தச் சலவை நிலையத்தில் வேலை செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியும், ஏனெனில் இரண்டாம் செவ்வாய்க்கிழமையே நான் அதைச் சொல்லியிருந்தேன். கயிறு எப்படித் திறந்தது என்பது பற்றி அவர் வாக்குமூலத்தில் ஒரு சொல்லும் இல்லை.

அதன் பிறகு அதிகாரி, புகாருடன் இணைக்கப்பட்டிருந்த கலைக்கூட விதிமுறைத் தாளை எடுத்தார். பார்வையாளர் தாமாகக் கயிற்றைத் தாண்டி உள்ளே போனால் அது பார்வையாளரின் குற்றம், அறைக் காவலர் தடுக்க முயன்றிருந்தால் அவர் மீது நடவடிக்கை கிடையாது, ஆனால் காவலரே கயிற்றைத் திறந்துவிட்டிருந்தால் காரணம் எதுவாக இருந்தாலும், சேதம் ஏற்பட்டாலும் ஏற்படாவிட்டாலும், அவர் நிரந்தரமாக நீக்கப்படுவார் என்று அதில் இருந்தது. அதிகாரி அதை இரண்டு முறை வாசித்தார். இரண்டாம் முறை வாசிக்கும்போது தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். இந்த விதி இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள், குடித்தேன்.

அதன் பிறகு, அதுவரை எழுதியதில் ஒரு பிழை இருப்பதாகவும் அதைத் திருத்த வேண்டும் என்றும் அதிகாரியிடம் சொன்னேன். நான்காம் செவ்வாய்க்கிழமை பற்றிய பத்தியில் 'அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கயிற்றின் கொக்கியைக் கழற்றினார்' என்று இருப்பதை 'நானே கயிற்றின் கொக்கியைக் கழற்றினேன்' என்று மாற்றச் சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவங்க திறந்துவிட்டிருந்தா, அவங்க விட்டதால நீங்க உள்ள போனீங்கன்னு ஆகும். நீங்களா திறந்திருந்தா அத்துமீறல். கேஸ் உங்க ஒருத்தர் மேலதான் நிக்கும். வேலை செய்யற இடத்துக்கும் தகவல் போகும்" என்றார். உரியவர் அனுமதி இல்லாமல் ஒரு துணியைத் தொட்டவரை எந்தச் சலவை நிலையமும் வைத்துக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்று சொன்னேன்.

"ஒரு விரல் அகலம் கறை நகர்ந்தது ஞாபகம் இருக்கு, கயித்தை யார் திறந்தாங்கன்னு ஞாபகம் இல்லையா?" என்று அதிகாரி கேட்டார். "கண்ணு முழுக்கக் கறை மேலயே இருந்துச்சு சார்" என்றேன். நான் திறந்தபோது அந்த அம்மா எங்கே இருந்தார் என்று கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கால் முடியாதவர், எழுந்து வருவதற்குள் நான் உள்ளே போய்விட்டேன் என்றேன். அப்படியானால் அவர் உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கும் பேச்சும் பொருந்தாதே என்றார். அவர் கேட்டது நியாயம். ஆகவே, அவர் என்னை எழுந்து வந்து அழைத்ததாக உள்ள இடத்தையும், பிறகு கொக்கியை அவர் மாட்டினார் என்று உள்ள இடத்தையும் அடித்துவிட்டு, "தொடாம பாருங்க சார், சீக்கிரம் வந்துடுங்க" என்ற இடத்தில் "உள்ள போகாதீங்க சார், வெளியே வாங்க, வெளியே வாங்க" என்று அவர் கத்தினார் என்று எழுதச் சொன்னேன். எத்தனை முறை கத்தினார் என்று அதிகாரி கேட்டார். மூன்று முறை என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "நாலுன்னு போடட்டுமா?" என்று கேட்டார். மூன்றே போதும் என்றேன்.

அதிகாரி எல்லாத் திருத்தங்களையும் தம் கையால் எழுதினார். குறைப்பதிவேட்டை நிர்வாகியிடமிருந்து இன்றே வாங்கிவர ஆள் அனுப்புவதாகவும் சொன்னார். முழுவதையும் தொடக்கத்திலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார், கேட்டுப் புரிந்துகொண்டேன். என்னை யாரும் மிரட்டவும் இல்லை, யாரும் எதையும் சொல்லித் தரவும் இல்லை. திருத்திய இடங்களில் திருத்தியபடியும் மற்ற இடங்களில் எழுதியபடியும் இதில் உள்ள எல்லாம் உண்மை. ஒவ்வொரு திருத்தத்தின் ஓரத்திலும் ஒரு கையெழுத்தும், கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்டது. திருத்தங்கள் அனைத்தும் வாக்குமூலம் கொடுத்தவர் தாமாகக் கேட்டுக்கொண்டபடி செய்யப்பட்டவை. அறைக் காவலரான பெண்மணி தடுக்க முயன்றார் என்பது இதன் மூலம் பதிவாகிறது.

(பதிவு செய்த அதிகாரியின் கையொப்பம்)